தமிழ்நாட்டில் எச்.ஐ.வி.: ஆறு ரத்த மாதிரிகளிலிருந்து மாவட்டக் கணக்கு வரை

காலராவோ பெரியம்மையோ ஊருக்குள் வந்தால் ஊரே அறியும். இத்தொடரின் முந்தைய பகுதிகளில் பார்த்த அந்த நோய்களைக் கணக்கெடுக்க இறப்புப் பதிவேடே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. எச்.ஐ.வி. அந்த வகையில் சேராது. கிருமி உடலில் புகுந்த முதல் சில வாரங்களில் ஒரு காய்ச்சல் வந்து போகலாம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதன்பின் எட்டு, பத்து ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒருவர் வேலைக்குப் போகலாம், திருமணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். எதிர்ப்பாற்றல் சரிந்து காசநோயோ தீராத வயிற்றுப்போக்கோ பிடிக்கும்போதுதான் அவர் மருத்துவமனைக்கு வருவார். அப்போதும் சீட்டில் காசநோய் என்றே எழுதப்படலாம். ஆகவே நோயாளிகளை எண்ணிக்கொண்டிருந்தால் கிடைப்பது பத்தாண்டுக்கு முந்தைய நிலவரம்தான். இன்றைய நிலவரம் தெரிய வேண்டுமானால் நலமாக நடமாடுபவர்களின் ரத்தத்தைச் சோதித்தாக வேண்டும். யாருடைய ரத்தத்தை, எங்கே, யாரைக் கேட்டு என்ற மூன்று கேள்விகளுக்கும் தமிழ்நாடு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடை சொல்லியிருக்கிறது. இத்தொற்று மாநிலத்தில் பரவியதாகத் தெரியவந்த கதை அந்த விடைகளைச் சார்ந்தது. எங்கே தேடினார்களோ அங்கேதான் கிருமி கண்ணில் பட்டது. தேடாத இடங்களில் அது இல்லை என்று ஆகிவிடாது.

லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியாவைப் பற்றிய சிறு குறிப்பு 1981 ஜூன் மாதம் அமெரிக்க அரசின் வார அறிக்கையில் வெளியானது. 1983-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் லூக் மோந்தாஞியே, பிரான்சுவாஸ் பாரே சினூசி ஆகியோரின் குழு கிருமியைப் பிரித்தெடுத்தது. ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் எலைசா பரிசோதனை 1985-இல் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை உலகில் எந்த நாட்டிலும் நலமாக இருப்பவர்களிடம் கிருமியைத் தேட எளிய வழி இருக்கவில்லை. இந்தியாவிலோ, இது மேலைநாட்டு நோய், நம் குடும்ப வாழ்க்கை நம்மைக் காக்கும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வேரோடியிருந்தது. பம்பாயிலிருந்து அனுப்பிச் சோதித்த நூற்றுக்கணக்கான மாதிரிகளில் எதுவும் தென்படாதது அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. பிற்காலத்தில் மரபணு ஆய்வுகள் வேறு கதை சொல்லின. இந்தியாவில் பெரும்பான்மையாக உள்ளது தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் பரவியிருக்கும் சி வகைக் கிருமி. அது 1970-களிலேயே இங்கு வந்து சேர்ந்துவிட்டது என்று அவை கணித்தன. எலைசா கருவி தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொற்று ஓசையின்றிப் பரவத் தொடங்கியிருந்தது.

காப்பகத்தில் எடுத்த ரத்தம்

1985-இன் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும்படி அவருடைய வழிகாட்டியான பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னார். பாலியல் தொழிலாளர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள், ஆப்பிரிக்க மாணவர்கள் என்று தொற்று வாய்ப்பு அதிகம் உள்ளதாகக் கருதப்பட்டவர்களிடம் 200 மாதிரிகள் எடுப்பது திட்டம். பம்பாயைப் போலவோ கல்கத்தாவைப் போலவோ சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனித் தெரு இல்லை. அரசு பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்த பெண்களிடம் பேசிப் பார்த்தபோது, போலீஸ் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தி, ஜாமீன் கட்ட வழியில்லாமல் காப்பகத்தில் அடைக்கப்படும் பெண்களைப் பற்றி நிர்மலா அறிந்தார். அங்கே போய்த்தான் எண்பது பேரளவில் ரத்தம் எடுத்தார். கையுறை உள்ளிட்ட தகுந்த பாதுகாப்பு எதுவும் இல்லை. மாதிரிகளை வைக்கக் கல்லூரியில் தக்க வசதியில்லாததால் அவை அவருடைய வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்தன.

சென்னையில் எலைசா கருவி இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. அங்கே நுண்கிருமியியல் துறையில் டி. ஜேக்கப் ஜான் தலைமையில் பி. ஜார்ஜ் பாபு, எரிக் சைமோஸ் ஆகியோர் பணியாற்றினர். 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவருடைய கணவர் வீரப்பன் ராமமூர்த்தியும் மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார்கள். சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக மாறின. கருவியில் கோளாறு இருக்கலாம் என்று சோதனையைத் திரும்பச் செய்தார்கள். மீண்டும் அதே ஆறு. அந்தப் பெண்களிடம் மறுபடியும் எடுத்த ரத்தம் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, வெஸ்டர்ன் பிளாட் முறையிலும் உறுதியாயிற்று. டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழியாகப் பிரதமர் ராஜீவ் காந்திக்கும், சென்னையில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டேவுக்கும் தகவல் போனது. மே மாதம் சட்டமன்றத்தில் ஹண்டே இதை அறிவித்தார். தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு என்ற பொருளில் நிர்மலா தம் ஆய்வேட்டை 1987 மார்ச்சில் ஒப்படைத்தார். பின்னாளில் அவர் கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசித் துறையில் பணிபுரிந்தார். நீண்ட காலம் அவர் பெயர் மருத்துவ வட்டாரத்துக்கு வெளியே தெரியாமலே இருந்தது.

இந்தியாவின் எச்.ஐ.வி. வரலாறு தொடங்கியது இங்கேதான். அந்தத் தொடக்கத்தில் இருந்த குறையையும் சொல்லியாக வேண்டும். ரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். அக்காலத்தில் ஒப்புதல் பற்றிய விதிகள் இன்றுபோல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மருத்துவருக்கு வசதியாக ஒரே இடத்தில் அவர்கள் கிடைத்ததற்கே காரணம், அவர்கள் வெளியே போக முடியாதவர்களாக இருந்தார்கள் என்பதே. முதல் மாதிரிகள் அங்கிருந்து வந்ததால் இந்நோய் அவர்களுடையது என்ற முத்திரையும் அன்றே விழுந்துவிட்டது. தொற்றை அவர்களுக்குக் கொடுத்த ஆண்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

முத்திரையின் விலை சில ஆண்டுகளில் தெரிந்தது. 1990-இல் பம்பாய் விடுதிகளிலிருந்து மீட்கப்பட்டதாகச் சொல்லி நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் தனி ரயிலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். பரிசோதனையில் தொற்று உள்ளதாகத் தெரிந்தவர்கள் காப்பகத்தில் தொடர்ந்து அடைத்து வைக்கப்பட்டார்கள். நோய் பரவாமல் தடுப்பதற்கு இதுவே வழி என்று அதிகாரிகள் நம்பினர். சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நடந்த பிறகுதான் காவலில் இருந்த பெண்களுக்கு விடுதலை கிடைத்தது. கண்காணிப்பின் நோக்கில் பார்த்தாலும் இது பெருந்தீங்கு. சோதனைக்கு வந்தால் சிறை என்று தெரிந்த பின் சோதனைக்கு யார் வருவார்கள்? ரத்தம் தரவேண்டியவர்கள் ஒளிந்துகொண்டால் தொற்றின் போக்கைச் சொல்லும் எண்ணே இல்லாமல் போய்விடும்.

அதே ஆண்டுகளில் இன்னொரு வழியிலும் தொற்று பரவிக்கொண்டிருந்தது. பெருநகர ரத்த வங்கிகள் காசுக்கு ரத்தம் விற்பவர்களை நம்பியிருந்தன. 1989 முதல் ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமாக்கப்பட்டது, ஊர்தோறும் கருவியும் ஆளும் போய்ச் சேர மேலும் காலம் பிடித்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக 1998 ஜனவரி முதல் ரத்த விற்பனை நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது.

நானூறு மாதிரிகளின் கணக்கு

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 1992-இல் தொடங்கியது. திட்டப் பணம் கருவூலத்தின் வழக்கமான சுற்றுப்பாதையில் சிக்கி நிற்காமலிருக்க, 1994-இல் தமிழ்நாடு அரசு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தனிப் பதிவு பெற்ற அமைப்பாக உருவாக்கியது. மற்ற மாநிலங்கள் பின்னர் இதே முறையைப் பின்பற்றின. அதே காலத்தில்தான் கண்காணிப்பும் ஒழுங்குக்கு வந்தது. அதுவரை, கிடைத்தவர்களையெல்லாம் சோதித்து, அதில் இத்தனை பேருக்குத் தொற்று என்று அறிவிப்பது வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட எண்களை ஒரு ஆண்டுக்கும் மறு ஆண்டுக்கும் ஒப்பிட முடியாது. அதிகம் சோதித்தால் அதிகம் கிடைக்கும், அவ்வளவுதான்.

1994-இல் நாட்டின் 55 இடங்களில் தொடங்கி, 1998-இல் 180 இடங்களாக விரிந்த காவல் கண்காணிப்பு முறை இதற்கு மாற்றாக வந்தது. ஆண்டுதோறும் அதே மாதங்களில், அதே மருத்துவமனைகளில், வரிசையாக வருபவர்களின் ரத்தம் சோதிக்கப்படும். கர்ப்பிணிகள் பிரிவில் ஒவ்வொரு இடத்துக்கும் 400 மாதிரிகள்; பால்வினை நோய்ப் பிரிவிலும் தொற்று வாய்ப்பு அதிகமுள்ள குழுக்களிலும் 250. பொது மக்களின் நிலையை அறியக் கர்ப்பிணிகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவர்கள் நோயாளிகள் அல்லர். இளம் வயதினர். கிரந்தி நோய்க்கான வி.டி.ஆர்.எல். சோதனைக்கென்று எப்படியும் அவர்களிடம் ரத்தம் எடுக்கப்படுகிறது. அந்தச் சோதனை முடிந்து மிஞ்சும் ரத்தத்தில் பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு எச்.ஐ.வி. சோதனை செய்வார்கள். இன்னாருடையது என்று யாருக்கும் தெரியாது என்பதால் ஒளிவுமறைவுக்கு இடமில்லை, எண் நேர்மையாகக் கிடைக்கும். இதன் மறுபக்கம் கொடுமையானது: மிஞ்சிய ரத்தத்தில் தொற்று காணப்பட்ட பெண்ணுக்கு அது ஒருநாளும் தெரிவிக்கப்படாது. சிகிச்சை எதுவும் கையில் இல்லாத காலத்தில் இதை ஓரளவு ஏற்க முடிந்தது. மருந்து வந்த பின் ஏற்க முடியவில்லை.

இந்த எண்களை வாசிப்பதற்கும் பயிற்சி வேண்டும். 400 பேரில் 4 பேருக்குத் தொற்று என்றால் ஒரு விழுக்காடு. அடுத்த ஆண்டு ஒருவர் கூடினால் 1.25, ஒருவர் குறைந்தால் 0.75. புள்ளியியல் விதிப்படி 400-க்கு 4 என்ற முடிவுக்குப் பின்னால் உண்மை நிலை ஏறத்தாழ 0.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம். ஒரு மருத்துவமனையில் ஓர் ஆண்டில் கிடைத்த எண்ணை வைத்து அந்த மாவட்டமே நாசமாயிற்று என்றோ மீண்டுவிட்டது என்றோ எழுதிய செய்திகள் அந்நாளில் ஏராளம். பல இடங்கள், பல ஆண்டுகள் என்று அடுக்கிப் பார்த்தால் மட்டுமே போக்கு புலப்படும்.

அப்படி அடுக்கியபோது தெரிந்தது கவலைக்குரியது. கர்ப்பிணிகளில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் தொற்று இருந்தால் அது பரவல் மிகுந்த மாநிலம் என்பது தேசிய வரையறை. ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மணிப்பூர், நாகாலாந்து ஆகியவற்றோடு தமிழ்நாடும் அந்த ஆறு மாநிலப் பட்டியலில் இடம்பெற்றது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கில் மாநிலச் சராசரி ஒரு விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 2003 முதல் மாவட்டந்தோறும் கர்ப்பிணிகள் கண்காணிப்பு மையம் வந்தபோது, சென்னையைச் சுற்றியே சுழன்ற கவனம் மேற்கேயும் திரும்பியது. நாமக்கல் பெயர் தொடர்ந்து பட்டியலின் உச்சியில் நின்றது.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தின் பொருளாதாரமே சாலையில் ஓடுவது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர் லாரிகள், நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகள். ஓட்டுநரும் கிளீனரும் வாரக்கணக்கில், ரிக் தொழிலாளர் மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே இருப்பார்கள். தொற்று நெடுஞ்சாலை வழியாகக் கிராமத்து வீட்டுக்குள் வந்ததற்கு இந்த வாழ்க்கைமுறை வழிவிட்டது என்பதில் ஐயமில்லை. லாரிக்காரர்கள்தாம் காரணம் என்று முடித்துவிட்டது மட்டும் அவசரம். திருப்பூர், கோவை, தேனி என்று பிழைப்புக்காக மக்கள் இடம்பெயரும் எல்லா ஊர்களிலும் இதே சூழ்நிலை இருந்தது. லாரிப் பேட்டையில் ஆட்களை ஒன்றாகச் சந்திக்க முடியும் என்பதால் ஆய்வும் பிரசாரமும் அங்கே முதலில் போயின.

வீட்டுக்குள் வந்த தொற்றின் முகம் மனைவிதான். சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த எச்.ஐ.வி. உள்ள பெண்களைப் பற்றி 2000-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் தம் கணவரைத் தவிர வேறு யாரோடும் உறவு கொள்ளாதவர்கள். இல்லத்தரசிகள்தாம் மிகப் பெரும்பாலோர். ஒழுக்கம் கெட்டவருக்கு வரும் நோய் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நாளில் இந்த ஓர் ஆய்வு அந்தப் பேச்சுக்கு ஆதாரமே இல்லாமல் செய்திருக்க வேண்டும். ஆனாலும் கணவன் இறந்த பின் நோயைக் கொண்டுவந்தவள் என்று பழி சுமத்தப்பட்டு, சொத்தும் மறுக்கப்பட்டு, பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் மாநிலம் முழுதும் இருந்தார்கள். நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா முன்னின்று 1998-இல் சென்னையில் தொடங்கிய எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பு, இப்படி ஒதுக்கப்பட்டவர்கள் தாமே திரட்டிக்கொண்ட வலிமை. அதற்கு முந்தைய ஆண்டே எச்.ஐ.வி. உள்ளோரின் இந்திய அளவிலான கூட்டமைப்பும் சென்னையில் உருவாகியிருந்தது.

நடத்தையை அளந்த ஆய்வு

ரத்தம் சொல்வது நடந்து முடிந்ததை. இனி என்ன நடக்கும் என்று தெரிய, மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அளக்க வேண்டும். சென்னை தரமணியிலுள்ள வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் நிறுவனம் அமெரிக்க அரசின் நிதியுதவியோடு 1995-இல் தொடங்கிய ஏபேக் திட்டம் இதைச் செய்தது. லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள், பாலியல் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், மாணவர்கள் ஆகியோரிடம் 1996 முதல் ஆண்டுதோறும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. காசு கொடுத்து உறவு கொண்டதுண்டா, கடைசி முறை ஆணுறை பயன்படுத்தப்பட்டதா, பால்வினை நோய் வந்தபோது எங்கே போய்ச் சிகிச்சை எடுத்தார்கள் என்பன போன்றவை. இந்தியாவில் இத்தகைய தொடர் ஆய்வுக்கு இதுவே முன்னோடி. 1990-களின் இறுதிக்குள் லாரிக்காரர்களிடையே அத்தகைய உறவு குறைந்துவந்ததும், பாலியல் தொழிலில் ஆணுறைப் பயன்பாடு ஏறியதும் அதில் தெரிந்தன.

2000-களின் தொடக்கத்தில் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் சுவரெங்கும் பலகையெங்கும் எழுப்பிய ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வியை அந்தத் தலைமுறைத் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. கேலிக்கு இடம் கொடுக்கிறது என்று அந்த விளம்பரத்தைக் கண்டித்தவர்களும் உண்டு. பேசவே கூசிய ஒன்றைத் தேநீர்க் கடைப் பேச்சாக்கியது அதன் பலன். நடத்தை மாறியதில் அந்த விளம்பரத்தின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாலியல் தொழிலாளர்களிடையே அவர்களுக்குள்ளிருந்தே ஆட்களைத் தேர்ந்து அனுப்பிய தொண்டு நிறுவனங்களின் பணி கண்ணுக்குத் தெரியாதது. அதன் பங்கு நிச்சயம் பெரிது.

பலன் ரத்தத்திலும் தெரிந்தது. ராஜேஷ் குமார், பிரபாத் ஜா உள்ளிட்டோரின் ஆய்வு 2006-இல் லான்செட் இதழில் வெளியானது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகளிடையே தொற்று 2000-இல் 1.7 விழுக்காடாக இருந்தது, 2004-இல் 1.1 விழுக்காடாகக் குறைந்தது. இளம் வயதினரை மட்டும் பிரித்துப் பார்த்ததில் நுட்பம் இருக்கிறது. மொத்த மக்களில் தொற்று விகிதம் குறைந்தால், தொற்று உள்ளவர்கள் இறந்துபோனதாலும் அது குறைந்திருக்கலாம். இருபது வயதுப் பெண்ணிடம் காணப்படும் தொற்றோ அண்மையில் வந்தது. அது குறைகிறதென்றால் புதுத் தொற்று குறைகிறது என்று பொருள். வட மாநிலங்களில் அதே காலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

2007-இல் திருத்திய கணக்கு

கர்ப்பிணிகள் கணக்கிலும் பிழை இருந்தது. அரசு மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏழைகள். தனியார் மருத்துவமனைகள் தொற்று உள்ள கர்ப்பிணிகளை அரசு மருத்துவமனைக்குத் தள்ளிவிடுவதும் வழக்கமாயிருந்தது. அதனால் அங்கே கிடைத்த விகிதத்தை மாநிலம் முழுமைக்கும் பெருக்கினால் எண் வீங்கும். ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்த ஓர் ஆய்வு இதை முதலில் வெளிப்படுத்தியது. பிறகு 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தம் ஒப்புதலோடு ரத்தம் கொடுத்தார்கள். அதில் 15 முதல் 49 வயதினரிடையே தமிழ்நாட்டின் தொற்று விகிதம் 0.34 விழுக்காடு. ஆந்திரத்தில் 0.97, கர்நாடகத்தில் 0.69, மகாராஷ்டிரத்தில் 0.62. அதையும் சேர்த்துக் கணித்தபோது, ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று சொல்லப்பட்டுவந்த நாட்டின் மொத்தத் தொற்றாளர் எண்ணிக்கை 2007 ஜூலையில் சுமார் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது.

ஓர் இரவில் பாதிப் பேர் குணமாகிவிடவில்லை. அளவுகோல் சீரானது, அவ்வளவே. எண்ணை ஊதிப் பெருக்கி நிதி வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. அது நியாயமில்லை. கையிலிருந்த ஒரே தொடர்ச்சியான சான்று மருத்துவமனைக் கணக்குதான். சிறந்த சான்று வந்ததும் அதே அமைப்பு தன் எண்ணைத் தானே குறைத்துக்கொண்டது. மேலும், ஒரே குறையோடு ஆண்டுதோறும் எடுத்த கணக்கிலும் ஏற்ற இறக்கம் சரியாகவே தெரியும். தமிழ்நாட்டில் தொற்று இறங்குகிறது என்ற முடிவைத் திருத்தம் அசைக்கவில்லை.

சிறு குழுக்களைக் கணக்கெடுத்த கதை அவ்வளவு தெளிவானதல்ல. சென்னையில் போதை ஊசி போட்டுக்கொள்பவர்களிடையே 2003 கண்காணிப்பில் பாதிப் பேருக்கு மேல் தொற்று காணப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்த எண் மளமளவென்று சரிந்தது. அவ்வளவு விரைவில் உண்மை நிலை மாறியிருக்க முடியாது. ஒரே மையம், சிறிய மாதிரி, ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு ஆட்கள் என்பதே விளக்கம். இக்குறையைப் போக்க, தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் சென்னை, கோவை, மதுரை, சேலம், தருமபுரி மாவட்டங்களில் பாலியல் தொழிலாளர்களிடையே ரத்தச் சோதனையையும் நடத்தை ஆய்வையும் ஒன்றாக நடத்தியது. திருநங்கைகள் நெடுங்காலம் ஆண்கள் குழுவிலேயே சேர்த்து எண்ணப்பட்டார்கள்; அவர்களுக்குத் தனிக் கண்காணிப்பு தாமதமாகவே வந்தது.

மருந்து வந்த பின்

சென்னையை அடுத்த தாம்பரம் சானடோரியம் 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பெரும்பாலும் வீழ்த்துவது காசநோயே என்பதால் 1993 முதல் அவர்கள் அங்கே வந்து சேர்ந்தனர். மற்ற மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில் தாம்பரம் படுக்கை கொடுத்தது. விரைவில் நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளில் ஒன்றாயிற்று. ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வந்தனர். 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது அவற்றில் தாம்பரமும் ஒன்று.

மருந்து வந்ததும் கண்காணிப்பின் தன்மையே மாறியது. சோதனையால் சோதிக்கப்படுபவருக்குப் பயன் ஏற்பட்டது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நம்பிக்கை மையங்கள் திறக்கப்பட்டன. கர்ப்பிணிகள் ஆலோசனை பெற்று, ஒப்புதல் தந்து, தம் பெயரிலேயே சோதித்துக்கொண்டார்கள். மருந்தின்றி விட்டால், பாலூட்டலையும் சேர்த்து, மூன்றில் ஒரு குழந்தைக்காவது தாயிடமிருந்து தொற்று வரக்கூடும். தொடர்ந்து மருந்து எடுத்தால் நூற்றில் ஒன்றிரண்டு என்ற அளவுக்கு அதைக் குறைக்கலாம். பிரசவங்களில் ஏறத்தாழ அனைத்தும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் என்பதால் இந்தச் சோதனை தமிழ்நாட்டில் விரைவாக எல்லாத் தாய்மாருக்கும் எட்டியது. பெயரில்லாத 400 மாதிரிகளுக்குப் பதில் ஆண்டுக்குப் பல லட்சம் கர்ப்பிணிகளின் முடிவுகள் தாலுகா வாரியாகக் கிடைத்தன. 2017 முதல், தொற்று தெரிந்த அனைவருக்கும் எதிர்ப்பணுக்களின் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் உடனே மருந்து தரப்படுகிறது.

மருந்து இன்னொரு கணக்குச் சிக்கலையும் கொண்டுவந்தது. மருந்து எடுப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். ஆகவே தொற்றுடன் வாழ்வோரின் எண்ணிக்கை சட்டென்று குறையாது, குறையவும் கூடாது. அந்த எண் குறையவில்லையே என்று வருந்துவது தவறான வாசிப்பு. பார்க்க வேண்டியது புதுத் தொற்றையும் இறப்பையும். கர்ப்பிணிகளிடையே மாநிலத் தொற்று விகிதம் 2021 சுற்றில் 0.2 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. அதே ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் தொற்றுடன் வாழ்வோர் சுமார் 24 லட்சம். அவர்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டினர்.

எண்ணுவதில் தேர்ந்த மாநிலத்திலும் தகவல் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பர் காட்டியது. விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு, சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு 2016-இல் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று கண்டறியப்பட்டிருந்தது. அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தம் நிலை தெரிந்ததும் மருத்துவமனைக்குத் தாமே போய்ச் சொன்னவர் அவர்தான். அந்த மாத இறுதியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பின்னர் உறுதியானது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2016-இல் ஒருவர் அவரைத் தேடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தத் துயரங்களில் எதுவும் நேர்ந்திராது.

சாத்தூர் நிகழ்வுக்கு மூன்று மாதம் முன்னர், 2018 செப்டம்பர் 10 அன்று, எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி ஒருவரின் ஒப்புதலின்றி எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது; முடிவைச் சட்டம் அனுமதிக்கும் சூழல்களைத் தவிர வேறு யாருக்கும் வெளியிடக் கூடாது; வேலை, கல்வி, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் தொற்றைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது. நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் விவரம் பெறலாம்.